மறுபக்கமாக வேலை பார்த்தவள்

பாலத்தை மூடிய காலையில், பேருந்து நிலையத்து அறிவிப்பு அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கரையில் இருந்தார். அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை. அவர் பேருந்து ஓட்டுநர். முதல் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனார், ஆட்களை இறக்கிவிட்டார், திரும்புவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்க நின்றார். இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடச் சொல்லி, அதைக் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு நாடுகளுக்கும் சண்டை வந்து, பாலத்தின் இரண்டு பக்கக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

"அந்த ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கேக்காம இருந்திருந்தா இந்நேரம் வீட்ல காலை நீட்டி உட்கார்ந்திருப்பீங்க" என்று அக்கா அவரிடம் போனில் எத்தனையோ தடவை சொல்லிக்காட்டிவிட்டாள். டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்த சர்க்கரை வேறு. பாலத்தைத்தான் மூடினார்களே தவிர, போனை மூடவில்லை. போன் கம்பெனிக்கு இரண்டு கரையும் ஒன்றுதான். இரண்டு கரைக்காரர்களும் பேசினால்தானே அவர்கள் பிழைப்பு ஓடும்.

சண்டை என்ன சண்டை என்கிறீர்களா? பாலத்துக்கு நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதற்கு இப்பால் இந்த நாடு, அப்பால் அந்த நாடு. மழையில் கோடு அழிந்துபோக, யாரோ புதிதாகப் பூசினார்கள். அது பழைய இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்துவிட்டது, எங்களுக்கு ஒரு சாண் நஷ்டம் என்று இந்தக் கரை சொன்னது. எங்களுக்குத்தான் ஒரு சாண் நஷ்டம் என்று அந்தக் கரையும் சொன்னது. ஒரே கோடு எப்படி இரண்டு பேருக்கும் நஷ்டம் வைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தேசத்துரோகி ஆகிவிடுவோமே என்ற பயம். 'எவர் முதலில் கதவைத் திறக்கிறாரோ, அவரே கோட்டைத் தள்ளிப் போட்டவர்' என்று இரண்டு நாட்டு வானொலியிலும் ஒரே நாளில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கதவை யார் திறப்பார்கள்?

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்கிற வேலை. வண்டி தாமதமா, டயர் வெடித்ததா, குடையைத் தொலைத்தார்களா, குழந்தையைத் தொலைத்தார்களா, எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. ஊரில் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் வாயாடுவதற்கு இருந்த ஒரே ஆள், இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்டிக்குள் படுத்துத் தூங்குகிறார். துவைத்த சட்டையைப் பயணிகள் பிடித்துக்கொள்ளும் கம்பியில் காயப்போடுகிறார்.

தினமும் சாயங்காலம் அக்கா சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவாள். விரித்துப் பிடிப்பாள். அக்கரையில் பேருந்தின் முன்விளக்கு இரண்டு தடவை மின்னும். சாப்பிட்டேன், உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால்தான் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கும்.

அந்தக் கரைக்கு வண்டி இல்லையென்றால் அறிவிப்புக்கும் வேலை இல்லை. அக்காவை உபரி ஊழியர் என்று சொல்லி, வெளியுறவு இலாகாவுக்குச் சொந்தமான மாற்றுப் பார்வைப் பேரவைக்கு மாற்றிவிட்டார்கள்.

*

பேரவை ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை: 'எதற்கும் இன்னொரு பக்கம் உண்டு.' பலகையின் பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டதால் யாரும் படித்ததில்லை.

பேரவைத் தலைவர் அன்பான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"உட்காருங்கம்மா. உலகம் இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கறதுக்குக் காரணம் என்ன தெரியுமா? யாரும் யார் பேச்சையும் காது குடுத்துக் கேக்கறதில்ல. நாங்க அப்படி இல்ல. நாங்க கேக்கறோம். அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சுடறோம்."

"சரிங்க சார்."

"உங்களுக்கு அந்தக் கரையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். வீட்டுக்காரர் அங்க மாட்டிக்கிட்டிருக்கார், அவ்வளவுதான்."

"அருமை" என்றார் தலைவர். "தெரிஞ்சவங்க வந்தா ஒருதலைப்பட்சமாப் பேசுவாங்க. இனிமே நீங்கதான் எங்களுக்கு அந்தக் கரை."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான்னா… என்ன செய்யணும் சார்?"

"ஒரு நாடு என்ன செய்யுமோ அதைச் செய்யணும்."

முன்பு அந்த வேலையில் இருந்தவர் எங்கே என்று விசாரித்தாள். அவர் பேசிப் பேசி, கடைசியில் தான் சொல்வதைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டாராம். நீண்ட விடுப்பில் அனுப்பிவைத்திருக்கிறார்களாம்.

கூட்ட அறையில் ஒரு வட்ட மேஜை. வட்டத்துக்குப் பக்கமே கிடையாது என்பதால், ஒரு ஓரத்தை அறுத்தெடுத்து, அதை மட்டும் தள்ளிப் போட்டு 'மறுபக்கம்' என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். அதுதான் அக்காவின் இடம். அறுத்த மேஜை ஆடும். காலுக்கு அடியில் பழைய தீர்மானம் ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து, அடுத்தவர் நாற்காலியில் போய் உட்காருவார்கள். பார்வை மாறவேண்டும் என்பதற்காக. உடனே எழுந்து அவரவர் நாற்காலிக்கே திரும்பிவிடுவார்கள். மற்றவர் மெத்தை இடுப்புக்கு ஒத்துவராது என்பதற்காக. பிறகு எல்லோரும் இடது கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம், வலது கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம். தலைவருக்கு ஒரு கண்ணில் புரை. அதனால் பாதி நேரம் அவருக்கு ஒன்றுமே தெரியாது. அதைத்தான் அவர் நடுநிலை என்று சொல்லுவார்.

பேரவைக்கு மூளை என்று ஒருவர் இருந்தார். பேராசிரியர். வாயைத் திறந்தால் "ஒருபுறம் பார்த்தால்" என்று தொடங்குவார், "மறுபுறம் பார்த்தால்" என்று முடிப்பார். டீ வேண்டுமா என்று கேட்டாலும் அப்படித்தான். டீ ஆறிவிடும். அலுவலகத்தில் அவருக்கு 'ஒருபுறம்' என்றே பெயர். இந்த நாடு பேச வேண்டியதையும் ஒருபுறம்தான் எழுதுவார், அந்த நாடு பதில் சொல்ல வேண்டியதையும் அவரேதான் எழுதுவார். தலைவர் ஒன்றை வாசிப்பார், அக்கா இன்னொன்றை வாசிப்பாள். முதல் கூட்டம் முடிந்ததும் ஒருபுறத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன இருந்தாலும் அந்தக் கரைக்காரங்க புத்திசாலிங்க" என்றார். "நான் என்ன நினைக்கிறேனோ அதை அப்படியே சொல்றாங்க."

*

இப்படியே போயிருந்தால் அக்கா மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள். ஒருநாள் ஒருபுறத்துக்குப் பல்வலி. வாசிப்பதற்குத் தாள் வரவில்லை.

"பரவால்லம்மா" என்றார் தலைவர். "அந்த நாடாவே மாறி, மனசுல தோணுறதைச் சொல்லுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "கோட்டை ஏன் தள்ளிப் போட்டீர்கள்?"

அன்றைக்குக் காலையில்தான் வீட்டில் குழாய் உடைந்து, தனி ஆளாகச் சாக்கைச் சுற்றி அடைத்துவிட்டு வந்திருந்தாள். முந்தின சாயங்காலம் பேருந்து விளக்கு ஒரு தடவைதான் மின்னியது. ஏன் ஒரு தடவை என்று கேட்டதற்கு, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறாராம். அவள் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பேரவையின் கனிவான கவனத்திற்கு. நாங்கள் எதையும் தள்ளிப் போடவில்லை. தள்ளிப் போட்டது நீங்கள். முதலில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள்."

அடுத்த கணம் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கோட் போட்ட ஆம்பிளைகள் வரிசையாகக் குனிந்து, அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள்.

கண்ணுகளா, அவள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வண்டி எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, 'முடியாது' என்று அவள் சொல்லி ஒருவரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் குடை பிடித்தபோது அவள் முதுகு வழக்கத்தைவிட நேராக இருந்தது.

மறுநாளிலிருந்து அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது. "ஒரு அங்குலமும் விட மாட்டோம்" என்றாள். "எங்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு" என்றாள். பேரவை நடுங்கியது; நடுக்கத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு நேர்த்தியான மறுபக்கம் அவர்களுக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. அவளுடைய மேஜையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். அதுதான் எல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் நாடாவுக்குப் பக்கத்தில் நின்று, எதற்காகப் பயணம், எவ்வளவு நேரம் தங்குவீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"போறதுக்கு அனுமதி குடுத்துட்டோம்" என்றார் வாசல் ஊழியர். "திரும்பி வர்றதுக்கு உங்க நாடுதாங்க குடுக்கணும்."

"என் நாடு நான்தானே?"

"அப்போ நீங்களே உங்களுக்குக் குடுத்துக்குங்கக்கா. ஆனா வாயால சொல்லணும்."

அக்கா தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டு போய்வந்தாள்.

பிறகு பொருளாதாரத் தடை. முதலில் அவளுடைய டீயில் சர்க்கரையை நிறுத்தினார்கள். அவள் மசியவில்லை. பாலை நிறுத்தினார்கள். அப்போதும் மசியவில்லை. கடைசியில் டீயையே நிறுத்தினார்கள். அக்கா வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து அவர்கள் முன்னாலேயே ஊற்றி உறிஞ்சினாள். 'அந்தக் கரை தன்னிறைவு அடைந்துவிட்டது. இது கவலைக்குரியது' என்று ஒருபுறம் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதைப் படித்துவிட்டு அரசாங்கம் பாலத்துக் கதவில் இரண்டாவது பூட்டுப் போட்டது.

அந்தப் பூட்டைப் பற்றி அக்காவுக்கு வானொலியில் கேட்டுத்தான் தெரியும். தான் குடித்த டீக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

*

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு தெரியுமா? சும்மா வண்டிக்குள்ளயே கிடந்தா துரு பிடிச்சுடுவேன்னு போனேன். இங்க ஒரு பெரிய ஆபீஸ். உலக விவகாரம். நான்தான் அங்க நம்ம நாடு."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னது?"

"நம்ம நாடு. நம்ம கரை. அவங்க கேள்வி கேப்பாங்க, நான் நம்ம நாடு மாதிரி பதில் சொல்லணும். வெளுத்து வாங்குறேன் போ. 'முதல்ல நீங்க மன்னிப்புக் கேளுங்க'ன்னு சொன்னேன் பாரு, அத்தனை பேரும் எழுந்து கை தட்டினான்."

"உங்களுக்கு நம்ம நாட்டைப் பத்தி என்னங்க தெரியும்? வீட்ல அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாததுனாலதான் எடுத்தாங்களாம். இன்னைக்குக் காலையில 'ஒரு அங்குலமும் விட மாட்டோம்'னு போட்டேன் ஒரு போடு. டீயை நிறுத்திட்டான். நிறுத்துடா, யாருக்கு வேணும்னு—"

"சர்க்கரை போட்ட டீயா?"

"அதை விடு. நீ என்ன வேலை பாக்கறேன்னு சொல்லவே இல்லையே?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "நான் இங்க அந்தக் கரை."

"அப்படின்னா?"

"நீங்க அங்க எப்படியோ, நான் இங்க அப்படி."

"சரி, நீ அங்க என்ன சொன்ன?"

"ஒரு அங்குலமும் விட மாட்டோம்னு."

"யாரோட அங்குலத்தை?"

"அந்தக் கரையோட."

"அடிப்பாவி! அந்தக் கரையில நான்தானே நிக்கறேன். எனக்கு எதுக்குடி அந்த அங்குலம்? நான் வீட்டுக்கு வரணும்!"

"நீங்க மட்டும் என்ன? நம்ம நாடு மன்னிப்புக் கேக்காதுன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க? நம்ம நாட்டுல நானும்தானே இருக்கேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நாட்டை விட்டுக்குடுக்கச் சொல்றியா?"

"பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தெரியுது. வாயை மிச்சம் பிடிக்கத் தெரியலையே!"

கல்யாணமான நாளிலிருந்து போட்ட சண்டைகளில் அதுதான் பெரியது. ஆனால் ஒன்று. அந்தச் சண்டையில்தான் முதல்முறையாக இரண்டு கரையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டன.

மூச்சு வாங்கி முடித்தபிறகு வீட்டுக்காரர் இன்னொரு சேதியையும் சொன்னார். முன்பிருந்த துள்ளல் இல்லாத குரலில் சொன்னார். அவர் நன்றாகப் பேசுகிறார் என்று அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். பதவி உயர்வு. அடுத்த வாரம் அவரைத் தலைநகரத்துப் பெரிய பேரவைக்கு அனுப்பப்போகிறார்களாம். ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில் பயணம். நிரந்தர வேலை.

"அங்க ஆறு இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆறு இருந்தா என்ன, உன் குடையா தெரியப்போகுது?"

பிறகு இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். நாளைக்கு இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு: சேர்ந்தே கதவைத் திறந்துவிடுவோம். மறுபக்கமே கேட்டால் பேரவைக்காரர்களுக்கு என்ன வலிக்கிறது?

*

மறுநாள் அக்கா சாந்தமாகச் சொன்னாள்: "நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். கோடு எங்கே இருந்தாலும் பரவாயில்லை. நீங்களும் நாங்களும் ஒரே நேரத்தில் கதவைத் திறப்போம்."

யாரும் கைதட்டவில்லை. ஒரு உறுப்பினர் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

ஒருபுறம் எழுந்தார். "ஒருபுறம் பார்த்தால், இணங்குகிறார்கள். மறுபுறம் பார்த்தால், ஏன் இணங்குகிறார்கள்?"

அறை முழுவதும் பெருமூச்சு. அடேயப்பா, எத்தனை ஆழமான கேள்வி!

"இத்தனை நாள் வீராப்பாகப் பேசியவர்கள் திடீரென்று சிரித்தால், பின்னால் ஏதோ இருக்கிறது" என்றார் தலைவர். "மூன்றாவது பூட்டுக்குச் சிபாரிசு செய்வோம்."

அக்கா பொறுக்கமாட்டாமல் நாட்டை விட்டு இறங்கி, தன் சொந்தக் குரலில் கேட்டுவிட்டாள். "சார், பின்னால என்ன இருக்குன்னு நாம எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? அவங்களுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, நீங்க புதுசு. மறுபக்கத்தை மறுபக்கத்துக்கிட்டயே கேட்டா அது ஒருதலைப்பட்சம் ஆயிடும்."

"அவங்க மனசுல என்ன இருக்குன்னு அவங்களுக்குத்தானே சார் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரிஞ்சது அவங்க பக்கம் மட்டும்தான்" என்றார் ஒருபுறம் பொறுமையாக. "அவங்களோட முழு நிலைப்பாடு நம்மகிட்டதான் இருக்கு. இதோ அலமாரியில."

அந்த நேரம் பார்த்து அக்காவின் கைப்பையில் போன் அடித்தது. வீட்டுக்காரர். அந்தக் கரையிலும் அதே நேரத்தில் அதே கூத்து நடந்திருக்கிறது. அவரும் இணங்கியிருக்கிறார், அவர்களும் மிரண்டிருக்கிறார்கள். பதவி உயர்வை இன்றைக்கே கொடுத்து ரயிலேற்றிவிடலாம் என்று பேசுகிறார்கள். பதறிப்போய்க் கூட்டத்துக்கு நடுவிலேயே போன் போட்டுவிட்டார்.

அக்கா என்ன நினைத்தாளோ, போனைச் சத்தமாக வைத்து மேஜைமேல் போட்டாள். "நீங்களும் அங்க சத்தமா வைங்க" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனமான குரல் வந்தது. "யாருங்க அது பேசுறது?"

"நாங்கள் இந்தக் கரை" என்றார் தலைவர், எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.

"அந்தக் கரையா? அது இங்கதானே உட்கார்ந்திருக்கு? ஓட்டுநர்."

"மன்னிக்கணும். உங்க கரைதான் இங்க உட்கார்ந்திருக்கு. அறிவிப்பு அம்மா."

பிறகு அந்தக் கனமான குரல் இறங்கி வந்தது. "சரிங்க, இவ்வளவு தூரம் வந்தாச்சு, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். எங்களுக்கு அந்த ஒரு சாணெல்லாம் வேண்டாங்க. ஆத்துக்கு மேல அந்தரத்துல ஒரு சாணை வெச்சுக்கிட்டு என்ன விதைக்கப்போறோம்? எங்க சம்பந்தி வீடு உங்க பக்கம்தான். போக வர முடியல."

அவ்வளவுதான், முடிந்தது, இன்றைக்கு ராத்திரி அவருக்கும் சேர்த்து உலை வைக்கலாம் என்று அக்கா நினைத்தாள்.

தலைவர் ஒருபுறத்தைப் பார்த்தார். ஒருபுறம் அலமாரியைப் பார்த்தார்.

"இது அந்தக் கரையின் நிலைப்பாடே இல்லை" என்றார் ஒருபுறம். "எங்கேயும் பதிவாகவில்லை."

தலைவர் போனிடம் குனிந்து, மரியாதையாகச் சொன்னார். "மன்னிக்கணும். நீங்க உங்க நாட்டைச் சரியாப் புரிஞ்சுக்கல. எங்க அம்மா பேசினா நெருப்பு மாதிரி இருக்கும்."

அந்தக் குரலுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் உங்க நாட்டைப் புரிஞ்சுக்கிட்டீங்களாக்கும்? எங்க ஓட்டுநர் இதைவிட எவ்வளவோ கம்பீரமாப் பேசுவாரு!"

போன் வைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்ததால், யார் முதலில் வைத்தது என்ற பிரச்சினை மட்டும் எழவில்லை.

*

அக்காவை என்ன செய்வது என்று பேரவை அங்கேயே கூடிப் பேசியது. அந்நிய சக்தியோடு தொடர்பு. ஒரு ஊழியரை அதற்காக எப்படித் தண்டிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு தூதரை எப்படி வெளியேற்றுவது என்று எல்லோருக்கும் தெரியும்.

"இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள உங்க நாட்டுக்குத் திரும்பிடணும்" என்றார் தலைவர்.

"சார், என் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தெருவுல இருக்கு."

"அது உங்க பார்வை" என்றார் தலைவர்.

வாசல் ஊழியருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஐயா, வெளியேத்தணும்னா பாலத்துக் கதவைத் திறக்கணுமே. நாம முதல்ல திறந்தோம்னு ஆயிடாதா?"

"வெளியேற்றுவதற்காகத் திறப்பது திறப்பு ஆகாது" என்றார் ஒருபுறம். "ஆழ்ந்து பார்த்தால் அதுவும் ஒருவகை மூடல்தான்."

அடுத்த நாள் மத்தியானம் அக்காவைப் பாலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கையில் ஒரு பை, பிளாஸ்க், சிவப்புக் குடை. தூதருக்குரிய மரியாதை என்று தலைவரே வந்து கைகுலுக்கினார். அவர் கண்ணில்கூட ஈரம் இருந்தது. "உங்களை மாதிரி ஒரு எதிரி இனிமே கிடைக்காதும்மா" என்றார். பூட்டுகள் துருப்பிடித்துப்போயிருந்ததால் எண்ணெய் விட்டு, தட்டி, கடைசியில் ஒன்றை உடைத்தார்கள். கதவு கிறீச்சென்று திறந்தது.

தூரத்தில், அந்தக் கரைக் கதவும் கிறீச்சென்று திறந்தது.

அங்கிருந்து ஒரு பேருந்து புறப்பட்டு வந்தது. சன்னல் கம்பியில் இரண்டு சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையும் தன் தூதரை வெளியேற்றிக்கொண்டிருந்தது. போன் போட்ட குற்றத்துக்காகப் பதவி உயர்வை ரத்து செய்து, அவரை அவருடைய நாட்டுக்கே துரத்திவிட்டார்கள், வண்டியோடு.

வண்டி வெள்ளைக் கோட்டின்மேல் வந்து நின்றது. முன்சக்கரம் இந்த நாட்டில், பின்சக்கரம் அந்த நாட்டில். வீட்டுக்காரர் இளைத்திருந்தார். தாடியில் பாதி நரைத்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. அதனால் அக்காவுக்கு வாயில் வந்தது இதுதான்.

"பேட்டரி இருக்கா, தீர்ந்துபோச்சா?"

"மிச்சம் பிடிச்சதாலதான் வண்டி கிளம்புச்சு" என்றார் அவர். கதவைத் திறந்தார். "ஏறு."

அக்கா படியில் காலை வைத்தவள் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இருங்க. என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லியிருக்காங்க. உங்களை இந்தப் பக்கம் அனுப்பியிருக்காங்க. சொன்னபடி போனா, நீங்க குடை பிடிக்கணும், நான் விளக்குப் போடணும்."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"அதைத்தான் சொல்றேன்."

பின்னால் தலைவர் கையை ஆட்டி, "அம்மா, சீக்கிரம், கோட்டைத் தாண்டுங்க" என்று கத்தினார். அந்தக் கோடியில் இன்னொரு தலைவரும் கத்தினார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கே உரிய குறும்போடு கேட்டார்: "நீ அந்தக் கரை ஆச்சே. எங்க நாட்டுக்குள்ள வர உனக்கு அனுமதி இருக்கா?"

அக்கா முதல் சீட்டில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்து, நிமிர்ந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எங்கள் நாட்டின் இறுதி நிலைப்பாடு என்னவென்றால்—"

"என்னவாம்?"

"வண்டியை எடுங்க."

வண்டி இந்தக் கரைக்குள் வந்து, பேரவைக்காரர்களைத் தாண்டி, மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த தெருவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. தலைவர் "மூடு, மூடு, கதவை மூடு" என்று கூவினார். வாசல் ஊழியர் கதவில் கை வைத்தார்.

"நில்லுங்கள்!" என்றார் ஒருபுறம். "அவர்கள் இன்னும் மூடவில்லையே."

எல்லோரும் அக்கரையைப் பார்த்தார்கள். அங்கே கதவில் ஒருவர் கை வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலில் மூடியவர் என்ற பழி நமக்கு வேண்டுமா?" என்றார் ஒருபுறம்.

வேண்டாம்தான். அவர்களுக்கும் வேண்டாம். இரண்டு கதவுக்காரர்களும் கையை வைத்தபடியே நின்றார்கள். நின்றுகொண்டிருக்கும்போதே சைக்கிளில் ஒரு ஆள் மணியடித்துக்கொண்டு போனான். பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அம்மா வீட்டுக்குப் போகிறவளாக இருக்கும். அப்புறம் ஒரு வண்டி காய்கறி. சாயங்காலத்துக்குள் அந்தக் கனமான குரலுக்குச் சொந்தக்காரரே ஒரு பழக்கூடையோடு சம்பந்தி வீட்டுக்கு வந்து போனார். தலைவர் அவருக்கு வணக்கம்கூடச் சொன்னார். யாரென்று தெரியாது.

அக்கா திரும்பவும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். குரல் பழையபடிதான், கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் முதல் வண்டிக்கு மட்டும் கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்கிறாள்: "ஓட்டுநர் அக்கரையில் டீ குடிக்கையில் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்." ஊரே சிரிக்கும். அவர் வண்டிக்குள்ளிருந்து விளக்கை இரண்டு தடவை போட்டுக் காட்டுவார்.

இத்தனை சக்கரம் ஏறி இறங்கியதில் நடுப்பாலத்துக் கோடு தேய்ந்து, இப்போது இருக்கிற இடம் தெரியவில்லை. அதை அடுத்து யார் பூச வேண்டும், முதலில் யார் மூட வேண்டும் என்று இரண்டு பேரவைகளும் இரண்டு கரையிலும் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருக்கின்றன. தினமும் நாற்காலி மாறி உட்காருகிறார்கள், உடனே திரும்பி வந்துவிடுகிறார்கள். ஒரு கண்ணை மூடுகிறார்கள், இன்னொரு கண்ணை மூடுகிறார்கள்.

ஆராயட்டும், பாவம். அவர்கள் முடிவுக்கு வராதவரை பாலம் திறந்திருக்கும்.